பட்டறையை நிறுத்திவிட்டுப் படங்களைக் கூட்டலாமா?

பிப்ரவரி 9, கேள்வி

சிறிய ஊர், மூன்று நாள் பரிசோதனைப் பட விழா. ஓர் அரங்கம், ஒரு 16 எம்எம் புரொஜெக்டர், ஒரு டிஜிட்டல் புரொஜெக்டர், இவ்வளவுதான் எங்கள் சொத்து. போன முறை முதல் நாள் மாலை எழுபது பேர் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது படம் முடிந்து விளக்கைப் போட்டால் முப்பது பேர்தான் இருக்கிறார்கள். பட்டறைக்கு மூன்று நாளும் சேர்த்தே பன்னிரண்டு பேர். அதற்காகக் காலை முழுக்க அரங்கம் போய்விடுகிறது. பட்டறையை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் இன்னும் சில படங்களைப் போடலாம் என்பது என் கட்சி. விழா என்றால் படம் பார்ப்பதுதானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு, என் பதில்

நிறுத்தாதீர்கள். நாற்பது பேர் எழுந்து போன அரங்கில் இன்னும் நாலு படம் போட்டால் இன்னும் நாலு முறை எழுந்து போவார்கள், வேறொன்றும் நடக்காது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நானும் எழுந்து போனவன்தான். முதன்முதலில் போன விழாவில், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடிக்கிற ஒரு படத்தை ஐந்து நிமிடம் தாங்கினேன். வெளியே வந்து, கூட வந்த நண்பனிடம் "ஏமாத்து வேலை" என்றேன். அடுத்த வருஷம் அதே விழாவின் பட்டறைக்குள் நுழைந்தது ஆர்வத்தால் இல்லை. அடுத்த பேருந்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது, உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கையில் ஒரு துண்டு கறுப்பு ஃபிலிமும் ஒரு ஊசியும் கொடுத்தார்கள். 16 எம்எம்மில் ஒரு வினாடிப் படம் 18 சென்டிமீட்டர் நீளம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் 24 சட்டகம், அதாவது 24 தனிப் படம். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து எட்டு வினாடி கீறினேன். அதில் பாதி நேரம் ஒரே சட்டகத்துக்குள் ஒரு பூ வரைந்தேன், இதழ் இதழாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. மாலையில் ஓட்டினார்கள். பூ கண்ணில் படவே இல்லை. இருபத்துநாலில் ஒரு பங்கு வினாடி, எப்படித் தெரியும்? தெரிந்தது எது என்றால், கை வழுக்கி நெடுக இழுபட்டுப்போன ஒரு கோடு. அது திரையில் உயிர் வந்த மாதிரி நெளிந்தது, குதித்தது, ஆடியது. அசைவு என்பது சட்டகத்துக்குள் இல்லை, ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிறது என்பதை அதற்கு முன் பத்து இடத்தில் படித்திருக்கிறேன். படித்தது வேறு.

அன்று இரவு போட்ட படங்களுக்கு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏமாத்து வேலை என்று சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 10

போன முறை பட்டறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "பரிசோதனைப் பட வரலாறு, தொண்ணூறு ஸ்லைடு" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு பேர் வந்ததே பெரிய விஷயம்.

ஸ்லைடை விடுங்கள். கையில் ஃபிலிமைக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு மீட்டர், ஓட்டினால் பதினோரு வினாடி வரும். அது போதும், அதற்கு மேல் கொடுத்தால் முடிக்காமல் போவார்கள். மூன்று வகை எடுத்து வையுங்கள்: கீறுவதற்குக் கறுப்பு லீடர் (படமில்லாத ஃபிலிம்), வரைவதற்கு வெற்று லீடர், கூடவே தூக்கிப் போடப்போகிற பழைய வண்ணப் பிரதி ஒன்று. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், கூட்டத்தை மயக்குவது அதுதான். வண்ணப் பிரதியின் பூச்சு மூன்று அடுக்கு. இருட்டான ஒரு காட்சியில் மெல்லக் கீறினால் மேலடுக்கு மட்டும் போய்ப் பச்சைக் கோடு வரும். கொஞ்சம் அழுத்தினால் மஞ்சள். அடிவரை சுரண்டினால் வெள்ளை. ஒரே ஊசி, கையின் அழுத்தத்தில் மூன்று நிறம். இதைச் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் "இங்க பாருங்க, பச்சை வருது" என்று கத்துவார். அதற்கப்புறம் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள்.

எந்தப் பக்கம் பூச்சு என்று கண்டுபிடிக்க உதட்டை ஈரமாக்கி ஃபிலிமை லேசாக வையுங்கள். பூச்சுள்ள பக்கம் உதட்டில் ஒட்டும், மறு பக்கம் வழுக்கும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஓரத்தில் துளையில்லாத பக்கம் ஒலித்தடம். அங்கே நெருக்க நெருக்கமாகக் கோடு போட்டால் கீச்சென்ற சத்தம், தள்ளித் தள்ளிப் போட்டால் தடித்த சத்தம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்கவும்: ஒலி, படத்துக்கு ஒரு வினாடி முன்னாலேயே கேட்டுவிடும்.

பிப்ரவரி 10, பத்து நிமிடம் கழித்து

உதட்டு விஷயம்: எங்கிருந்தோ வந்த, வருஷக் கணக்கில் பெட்டியில் கிடந்த ஃபிலிமில் அதைச் செய்யாதீர்கள். என்ன மருந்து பட்டதோ, என்ன பூஞ்சை பிடித்ததோ. விரல் நுனியை ஈரமாக்கித் தொட்டாலே தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் பளபளப்புக் குறைந்த பக்கம்தான் பூச்சு. நான் உதட்டில் வைத்தே பழகியவன், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், அது வேறு கதை.

பிப்ரவரி 12

ஒலி பற்றி நான் எழுதியது தப்பு. ஒருவர் கேட்டபிறகு புரொஜெக்டரின் மூடியைத் திறந்து விரலால் வழியைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஃபிலிம் முதலில் லென்ஸ் இருக்கிற கேட்டைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகுதான் ஒலியைப் படிக்கும் உருளைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே 26 சட்டகம். ஆகவே ஒரே இடத்தில் படத்தையும் ஒலியையும் கீறினால் படம் முதலில் வரும், சத்தம் ஒரு வினாடிக்குச் சற்று மேல் பிந்தி வரும். மின்னல் முதலில், இடி பிறகு. இரண்டும் சேர்ந்து விழ வேண்டுமென்றால் ஒலிக் கீறலை 26 சட்டகம் சுருளின் தொடக்கத்தை நோக்கித் தள்ளிப் போட வேண்டும். "ஒலி 26 சட்டகம் முன்னால்" என்று எங்கோ மனப்பாடம் செய்தது. பிரதி எடுக்கும்போது வைக்கிற இடம்தான் முன்னால், காதுக்கு முன்னால் வராது. இத்தனை வருஷம் பட்டறையில் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனோ என்று நேற்று இரவெல்லாம் யோசனை. அப்படிச் சொல்லிக்கொடுத்தும் யாருக்கும் குறை தெரியவில்லை என்பது இன்னும் மோசம்.

ஒரு பலகையில் 26 சட்டகத்துக்கு ஓர் அடையாளம் கீறி வைத்துக்கொண்டால் எண்ண வேண்டியதில்லை. ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்.

பிப்ரவரி 13

காப்பித்தூளில் ஃபிலிம் கழுவுகிறார்களாமே, அது நிஜமா என்று கேட்கிறீர்கள். நிஜம். 1995இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் ஒரு வகுப்பில் செய்து பார்த்தது, இப்போது உலகமெங்கும் பட்டறைகளில் ஓடுகிறது. பலரும் வைத்துக்கொள்கிற அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், உடனடிக் காப்பித்தூள் 40 கிராம். 20 டிகிரியில் பதினைந்து நிமிடம். அதன் பிறகு தண்ணீரில் அலசி, உருவத்தை நிலைநிறுத்துகிற வழக்கமான ஃபிக்சர். ஃபிக்சருக்கு மட்டும் சமையலறையில் மாற்றுத் தேடாதீர்கள்.

வேலை செய்வது காப்பியின் காஃபின் இல்லை, அதிலுள்ள காஃபிக் அமிலம். காஃபின் நீக்கிய தூளும் அதே மாதிரி கழுவும். நாற்றம் பற்றி எச்சரிக்கை செய்து விடுங்கள். காப்பி மணக்கும் என்று ஆசையோடு வருவார்கள். சோடா சேர்ந்தவுடன் ஈரத்தில் ஊறிய கோணிப்பை நாற்றம் வரும்.

என் கதை ஒன்று. நாலு வருஷத்துக்கு முன் ஒரு பட்டறைக்குப் பொருள் வாங்கப் போனது நான். சலவைச் சோடாவுக்குப் பதில் சமையல் சோடா வாங்கி வந்துவிட்டேன். இரண்டும் வெள்ளைத்தூள், இரண்டின் பெயரிலும் சோடா. பதினெட்டுப் பேர் காலை முழுக்க வெளியே அலைந்து படம் பிடித்திருக்கிறார்கள். இருட்டறையில் கழுவி, விளக்கைப் போட்டு, தூக்கிப் பிடித்தால் பளிங்கு மாதிரி வெற்று ஃபிலிம். ஒரு நிழல்கூட இல்லை. உருவத்தை எழுப்புகிற மருந்தான டெவலப்பருக்குக் காரம் வேண்டும், சமையல் சோடாவின் காரம் போதாது. காரம் இல்லாததால் உருவம் எழவே இல்லை, உருவாகாத வெள்ளியெல்லாம் ஃபிக்சரில் கரைந்து போய்விட்டது. திரும்ப எடுக்க முடியாது.

என்ன செய்வது? அந்த வெற்று ஃபிலிமையே எல்லோரிடமும் கொடுத்து மார்க்கர் பேனாவால் வரையச் சொன்னோம். அன்று மாலை அதைத்தான் ஓட்டினோம். ஒருவர் ஒன்றுமே வரையாமல் விட்டிருந்தார். "காலையில் நான் எடுத்த படம் இதுதான், இப்படியே போடுங்கள்" என்றார். எட்டு வினாடி வெள்ளைத் திரை. அவரைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அவர் சீரியஸாகத்தான் சொன்னார் என்று எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

பிப்ரவரி 13, கொஞ்ச நேரம் கழித்து

கேமரா இல்லை என்றால் கவலைப்படாதீர்கள், காப்பியில் கழுவிப் பார்க்க கேமராவே வேண்டாம். பிரதி எடுக்கப் பயன்படும் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. சிவப்பு விளக்கில் அதை மேசைமேல் விரித்து, இலை, நூல், சீப்பு, ஊசி என்று எதையாவது பரப்பி, டார்ச்சை ஒரு வினாடி மினுக்கிவிட்டுக் கழுவினால் உருவம் பதியும். அமெரிக்கக் கலைஞர் மேன் ரே 1923இல் உப்பையும் மிளகையும் குண்டூசியையும் ஃபிலிம்மேல் தூவிச் செய்தது இதுதான். கேமராவில் போடுகிற சாதாரண ஃபிலிமை மட்டும் சிவப்பு விளக்கில் திறந்துவிடாதீர்கள், அதற்கு எல்லா நிறமும் தெரியும். முழு இருட்டு வேண்டும்.

பிப்ரவரி 16

திரையிடலுக்கு வருகிறேன். எழுபது பேரில் நாற்பது பேர் போனதற்குப் படங்கள்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குச் சந்தேகம். இரண்டாவது படம் ஒலியில்லாப் படமா என்று கேட்டேன். ஆமாம் என்கிறீர்கள். அதை முன்கூட்டிச் சொன்னீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

இருட்டில் ஒலியில்லாமல் ஒரு படம் தொடங்கினால் அரங்கில் நடப்பதைப் பாருங்கள். முதல் நிமிடம் அமைதி. இரண்டாம் நிமிடம் ஒரு இருமல். மூன்றாம் நிமிடம் பின்னாலிருந்து "சவுண்டு வரல" என்று ஒரு குரல். பாதிப் பேர் புரொஜெக்டர் பக்கம் திரும்புவார்கள். அதற்கப்புறம் படத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், பழுது எப்போது சரியாகும் என்றுதான் காத்திருப்பார்கள். சரியாகாது, ஏனென்றால் பழுதே இல்லை. பழுதான இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? எழுந்து போவார்கள்.

மருந்து ஒரே ஒரு வாக்கியம்: "அடுத்த படம் பன்னிரண்டு நிமிடம், ஒலி கிடையாது." இதைச் சொன்னாலே பாதிப் பேர் தங்குவார்கள். படத்தின் பொருள், இயக்குநரின் தத்துவம் எதுவும் வேண்டாம். எவ்வளவு நேரம், சத்தம் உண்டா இல்லையா, அவ்வளவுதான். பேருந்து எப்போது கிளம்பும் என்று தெரிந்தால் மனுஷன் காத்திருப்பான்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்றை நானே செய்திருக்கிறேன். ஒரு முறை ஒலிப் பலகையில் நான் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசைக் குரல் கேட்டதும் பதறிப்போய், கைவசம் இருந்த ஒரு வீணைப் பதிவை மெதுவாக ஏற்றிவிட்டேன். அரங்கம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. படத்தை எடுத்தவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். முடிந்ததும் வந்து என் தோளில் கை வைத்து, "நல்ல வாசிப்பு, யாருடையது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிப்ரவரி 16, இரவு

விட்டுப்போனது: சூப்பர் 8 என்கிற சிறிய ஃபிலிம் வைத்திருக்கிறவர்கள் வேகத்தைக் கவனிக்கவும். ஒரு கேட்ரிட்ஜ் 50 அடி. வினாடிக்கு 18 சட்டகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடி, 24இல் ஓட்டினால் இரண்டரை நிமிடம். 18இல் எடுத்ததை 24இல் போட்டால் நடக்கிறவர் எல்லாம் துரத்தப்படுகிற மாதிரி ஓடுவார்கள். எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 17

"சிறிய ஊரில் இதெல்லாம் எடுபடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெல்ஜியத்தின் கடற்கரை ஊர் க்நோக்கே. உலகத்துப் பரிசோதனைப் படக்காரர்கள் எல்லாம் அங்கேதான் கூடினார்கள். 1949, 1958, 1963, 1967, 1974 என்று நினைத்தபோது நடத்திய விழா. 1967இல் அங்கே பெரிய பரிசு வாங்கியது மைக்கேல் ஸ்னோவின் படம். 45 நிமிடம், ஒரே அறை, ஒரு ஜூம். 1963இல் ஒரு படத்தை ஆபாசம் என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். நடுவர்களில் ஒருவரான ஜோனாஸ் மேக்கஸ் பதவியை விட்டுவிட்டு ஹோட்டல் அறையில் அந்தப் படத்தை ஓட்டினார். அரங்கத்தைவிட அந்த அறையில் நெரிசல் அதிகமாக இருந்திருக்கும் என்பது என் கற்பனை.

பட்டறைக்கும் ஒரு உதாரணம் தருகிறேன். கனடாவில் மவுண்ட் ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பண்ணையில் 1994 முதல் ஃபிலிப் ஹாஃப்மன் நடத்தும் பட்டறை. படம் பிடிப்பது, கையாலேயே கழுவுவது, களஞ்சியத்தில் திரை கட்டிப் பார்ப்பது, எல்லாம் அங்கேயே. ஊர்கூட இல்லை, பண்ணை.

பிப்ரவரி 17, திருத்தம்

1958 விழா க்நோக்கேயில் இல்லை, பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சியோடு சேர்த்து நடந்தது. மற்ற நாலும் க்நோக்கேதான்.

பிப்ரவரி 18

மினுங்கும் படம் எதுவானாலும் வாசலிலேயே எழுதிப் போடுங்கள், தொடங்கும் முன் சொல்லவும் செய்யுங்கள். ஒளி மினுங்கினால் வலிப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் கலை, சுதந்திரம் எதுவும் பேச இடமில்லை. சொல்லிவிட்டு உடனே படத்தைப் போடாதீர்கள், எழுந்து போக அரை நிமிடம் கொடுங்கள், விளக்கு எரியட்டும். அந்த அரை நிமிடத்தில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

பிப்ரவரி 21

இருட்டு. அரங்கத்தின் படம் பார்த்தேன். பக்கச் சுவர் வெள்ளை, ஜன்னலுக்கு மெல்லிய நீலத் திரை. நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணி கட்டுங்கள், இரண்டு மடிப்பு. கதையுள்ள படம் கொஞ்சம் வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும், ஆள் பேசுவது கேட்டால் போதும். ஒரு கீறலும் ஒரு புள்ளியுமே படம் என்றால் அரை இருட்டில் அது செத்துப்போகும். ஆஸ்திரியப் பரிசோதனைப் படக்காரர் பீட்டர் குபெல்கா 1970இல் நியூயார்க்கில் ஒரு திரையரங்கம் அமைத்தார். சுவர், கூரை, தரை, இருக்கை எல்லாம் கறுப்பு, பக்கத்தில் இருப்பவர் தெரியாமல் இருக்கைக்கு இருக்கை தடுப்பு. பக்கத்துக்காரர் பெருமூச்சு விட்டாலும் தெரியாது, எனக்கு அது சரிப்படாது. துணி போதும். வெளியேறும் வழி விளக்கை மட்டும் மூடாதீர்கள்.

பிப்ரவரி 22

முதல் நாள் நான் எழுதியதை மறுபடி படித்தேன். பட்டறைக்கு வந்தவர் படத்துக்கு உட்காருவார் என்கிற தொனி அதில் இருக்கிறது. அது என் கதை, எல்லோர் கதையும் இல்லை.

ஒரு பட்டறையில் தையல் வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்தார். மகளைக் கூட்டிவர வந்தவர், உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் ஊசியால் கீறிக்கொண்டிருக்க, அவர் ஃபிலிமை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நீவிப் பார்த்தார். துளைகளை எண்ணினார். "இது ஒரு தையலுக்கு ஒரு கட்டம் கணக்கு" என்றார். மறுநாள் காலையில் ஃபிலிமோடு வந்தார். வீட்டு மெஷினில் நூல் போடாமல் ஓட்டியிருக்கிறார். நடுவில் நெடுக ஊசித்துளை, சில இடத்தில் தையல் நீளத்தைக் கூட்டி, சில இடத்தில் குறைத்து. பின்பக்கம் துளையின் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. அதை நகத்தால் தேய்த்துச் சமமாக்கியும் வைத்திருந்தார், புரொஜெக்டரில் சிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. திரையில் அது மேலிருந்து கீழே கொட்டுகிற வெள்ளைப் புள்ளி மழை. தையல் நீளம் கூடிய இடத்தில் மழை தணிந்தது, குறைந்த இடத்தில் வலுத்தது.

அன்று இரவுத் திரையிடலில் அவர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன், முகம் சுருங்கிவிட்டது. அவர் நின்று சொன்னார்: "அந்தக் கடைசிப் படத்துல ஒரே நீளத்துக்குத் தச்சுக்கிட்டே போறாரு தம்பி. எங்கயும் திருப்பவே இல்ல. எனக்குக் கண்ணு வலிக்குது." அவர் சொன்னது சரி. அந்தப் படம் அப்படித்தான் இருந்தது. நான் அதைச் சொல்ல ஒரு பக்கம் எழுதியிருப்பேன், அதுவும் இயக்குநர் பெயருக்குப் பயந்து சுற்றி வளைத்து.

ஆகவே தலை எண்ணிக்கைக்காகப் பட்டறை நடத்தாதீர்கள், ஏமாந்து போவீர்கள். பட்டறைக்கு வந்தவர்களும் எழுந்து போவார்கள். "புரியல" என்று தலையைக் குனிந்துகொண்டு போகமாட்டார்கள், இன்ன காரணம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எழுந்து போன உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேர் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள்?

பிப்ரவரி 24

"ஒருவரும் சொல்லவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. சரி. காலையில் பட்டறை வைக்கிறேன் என்றும், அன்று மாலையே முதல் படமாகப் பட்டறை ஃபிலிமைப் போடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதிக்குச் சந்தோஷம். இரண்டாம் பாதிக்கு, தயவுசெய்து நில்லுங்கள்.

உங்களிடம் இருப்பது ஒரே 16 எம்எம் புரொஜெக்டர். பட்டறை ஃபிலிமில் மை, மார்க்கர், சுரண்டிய துகள், யாராவது நகப்பூச்சுகூடப் பூசியிருப்பார்கள். அதெல்லாம் ஓடும்போது உதிர்ந்து கேட்டில் அப்பிக்கொள்ளும். அதற்குப் பின்னால் வாடகைக்கு வாங்கிய பிரதியை ஓட்டினால் அந்தத் துகள் பிரதியின் நெடுக ஒரு கோடு இழுக்கும். பிரதி உங்களுடையது இல்லை, அந்தக் கோடும் போகாது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். வாடகைப் பிரதிகள் எல்லாம் ஓடி முடிந்து, பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு, கடைசியாகப் பட்டறை ஃபிலிம். முடிந்ததும் கேட்டைத் துடைக்க வேண்டும். உலோகத்தால் சுரண்டக் கூடாது, பல் துலக்கும் பிரஷ்ஷும் மரக்குச்சியும் போதும். மறுநாள் பிரதிகளுக்கு முன் இன்னொரு முறை.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. தன் பதினோரு வினாடி கடைசியில்தான் வரும் என்றால் பட்டறைக்காரர்கள் கடைசி வரை இருப்பார்கள். தலை எண்ணாதே என்று போன குறிப்பில் சொன்னவன்தான் இதைச் சொல்கிறேன்.

எல்லாத் துண்டையும் ஒட்டுப் பட்டையால் இணைக்கும்போது இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், துளை அடைபடாமல். முன்னால் இரண்டு மீட்டர் வெற்று லீடர், பின்னால் இரண்டு மீட்டர். மாலைக்கு முன் கையால் ஒரு முறை சுற்றி ஒவ்வொரு ஒட்டையும் விரலில் தடவிப் பாருங்கள். அறுந்துபோனால் பதற வேண்டாம், மேன் ரேயின் அந்த உப்பு மிளகுப் படமும் முதல் காட்சியில் ஓடும்போதே அறுந்ததுதான். ஓடாமல் நின்றுபோனால் மட்டும் உடனே புரொஜெக்டர் விளக்கை அணையுங்கள். கேட்டில் நின்ற சட்டகம் இரண்டே வினாடியில் நடுவிலிருந்து பழுப்பாகி, குமிழ் விட்டு, உருகி ஓட்டையாகும். கூட்டம் கைதட்டும். படத்தின் பகுதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

மார்ச் 2

நிகழ்ச்சி நிரல் பார்த்தேன். மூன்று காலை பட்டறை: முதல் நாள் கீறல், இரண்டாம் நாள் சிவப்பு விளக்கு, மூன்றாம் நாள் காப்பி. மாலைக்கு ஐந்து படமாகக் குறைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் நிமிடமும், "ஒலி உண்டு", "ஒலி இல்லை"யும் போட்டிருக்கிறீர்கள். ஐந்து சரியான கணக்கு. காப்பியை மூன்றாம் நாள் வைத்தது மட்டும் இடிக்கிறது. கழுவிய ஃபிலிம் காய நேரம் வேண்டும், ஈரத்தோடு மாட்டினால் பூச்சு கேட்டில் உரிந்துவிடும். அதை இரண்டாம் நாளுக்கு மாற்றி, அரங்கத்துக்குப் பின்னால் கயிறு கட்டி, தூசி படாத இடமாகப் பார்த்து, ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். சிவப்பு விளக்கில் பதிந்ததையும் கழுவத்தானே வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் காலை துண்டுகளை இணைக்கிற வேலைக்கு விடுங்கள், அது நீங்கள் நினைப்பதைவிட நேரம் தின்னும்.

பொருள் பட்டியலில் "சோடா, ஒரு கிலோ" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த சோடா என்று எழுதுங்கள்.